கேட்க வரும் ஆள்

பழைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்கு வெளியே, ஆரோக்கியவரம் இருக்கிறது. பல கிறிஸ்தவ மிஷன்கள் ஒன்றுகூடிக் காசநோயாளிகளுக்காக 1915ல் அங்கே ஒரு சானடோரியத்தைத் திறந்தன. கடல்மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் அடிக்கும் கூடுதலான உயரம், ஈரமில்லாத காற்று. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மொல்லர் அதன் கண்காணிப்பாளர். காசநோயைக் கொல்லும் மருந்து அன்று கிடையாது. ஓய்வு, சத்தான சாப்பாடு, காற்றோட்டமான தாழ்வாரத்தில் கட்டில், வேளை தவறாமல் வெப்பமானி, இவைதான் வைத்தியம். வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள், சிலர் வருஷக்கணக்கில்.

நீண்ட நாள் பராமரிப்பில் இன்று நாம் பார்க்கும் சங்கடங்கள் எல்லாம் அந்தக் கால சானடோரியங்களிலேயே இருந்தவை. எப்போது எழுந்து நடக்கலாம், எவ்வளவு நேரம் பேசலாம், வீட்டு ஆட்கள் எப்போது வரலாம், எப்போது ஊர் திரும்பலாம் என்பதை இன்னொருவர் முடிவு செய்வார். அந்த இன்னொருவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அவர் போடும் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அவர் கொடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு, அவரைப் பற்றிக் குறை சொல்வது யாருக்கும் லேசான காரியம் இல்லை. குறை இருந்தால் கண்காணிப்பாளரிடம் சொல்ல வேண்டும். குறையே கண்காணிப்பாளரைப் பற்றியதென்றால் விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

1959ல் வெளியான சென்னை ஆய்வு ஒன்று சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்துக் கிடந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள் என்று அது காட்டியது. காசநோயாளிகள் வீடு திரும்பினார்கள். ஆரோக்கியவரம் பொது மருத்துவமனையாக மாறியது. ஆனால் மாதக்கணக்காக நீளும் படுக்கை மட்டும் இந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. அதில் படுப்பவர்கள்தான் மாறினார்கள். பக்கவாதம், மறதிநோய், இடுப்பெலும்பு முறிவு, இவை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதுமை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சானடோரியம் எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1912ல், பிரிட்டிஷ் இந்திய அரசு மனநோயாளிகளுக்கான சட்டம் ஒன்றை இயற்றியது. சட்டத்தின் பெயரே இன்று காதில் விழக் கூசும்: இந்திய லூனசி சட்டம். அதில் விசிட்டர்கள் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு மனநோய் விடுதிக்கும் குறைந்தது மூன்று பேர், அவர்களில் ஒருவராவது மருத்துவர். மாதம் ஒரு முறையாவது இரண்டு பேர் சேர்ந்து போய் விடுதியின் மூலை முடுக்கெல்லாம் பார்க்க வேண்டும், உள்ளே இருப்பவர்களைப் பார்க்க வேண்டும், கண்டதை அதற்கென்று வைத்திருக்கும் புத்தகத்தில் எழுத வேண்டும். சித்தூர் அப்போது சென்னை மாகாணம். 1911 ஏப்ரல் 1ல்தான் வட ஆற்காட்டையும் கடப்பையையும் கிள்ளித் தனி மாவட்டமாக்கியிருந்தார்கள். இங்கே ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநோய் விடுதிக்குத்தான் கொண்டுபோவார்கள். அப்படிப் போனவரைத் தேடி, காகிதத்திலாவது, மாதாமாதம் வெளியாள் ஒருவர் வருவார். ஆரோக்கியவரத்தில் படுத்திருந்தவருக்கு அப்படி ஓர் ஆள் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அந்த விசிட்டர்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அதிகாரிகள், வந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். 1999ல் தேசிய மனித உரிமை ஆணையமும் நிம்ஹான்ஸும் 37 அரசு மனநல மருத்துவமனைகளைப் பார்த்து வெளியிட்ட அறிக்கையைப் படித்தால், எண்பது வருஷமாக அந்தப் புத்தகத்தில் என்னதான் எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றும். தனியார் நடத்திய இடங்களின் பக்கம் அந்தப் புத்தகமே போகவில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை பற்றி எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து, இப்படி எத்தனை இடங்கள் நாட்டில் இருக்கின்றன என்று கணக்குக் கேட்டது.

ஆனாலும் யோசனை நல்ல யோசனை. உள்ளே நுழைய உரிமையுள்ள, அந்த இடத்தில் சம்பளம் வாங்காத, எழுதிவைக்கக் கடமைப்பட்ட ஓர் ஆள். சிறைகளுக்கு இன்றும் அதிகாரி அல்லாத பார்வையாளர்கள் உண்டு. முதியோர் இல்லங்களுக்கு அந்த யோசனையை யாரும் நீட்டிக்கவில்லை.

திருப்பதியில் முதுமைக்கு எப்போதுமே ஓர் இடம் இருந்திருக்கிறது. கடைசிக் காலத்தை மலையடிவாரத்தில் கழித்துவிடலாம் என்று வந்தவர்கள் உண்டு. வடார்க்காடு, செங்கல்பட்டு ஊர்களிலிருந்து நடந்தே வந்து தங்கிவிட்டவர்களும் உண்டு. சத்திரத் திண்ணை, கோயில் பிரசாதம், கோவிந்தா கோஷம். 1985 ஏப்ரலில் திருமலையில் நித்ய அன்னதானம் தொடங்கிய பிறகு ஒரு வயிற்றுக்குச் சோறு நிச்சயம் என்றானது. தேவஸ்தானத்தின் புவர் ஹோம் தொழுநோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. ஜி. முனிரத்னம் 1981ல் தொடங்கிய ராஷ்ட்ரிய சேவா சமிதி போன்ற தொண்டு அமைப்புகள் முதியோர் இல்லங்களும் நடத்தின. இவையெல்லாம் தர்மம். தர்மம் வாங்குகிறவர் கணக்குக் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது என்பது ஊர் வழக்கம். விட்டுவிட்டுப் போக வந்த பிள்ளைகளும் இதே ஊரைத்தான் தேர்ந்தார்கள். அலிபிரியிலோ ரயில் நிலையத்திலோ அம்மாவை உட்காரவைத்து, "இங்கேயே இரும்மா, டிக்கெட் எடுத்துட்டு வர்றேன்" என்று போனவர்களின் கதைகள் திருப்பதிக்குப் புதிதல்ல.

இன்றைய நிலவரம் வேறு. 1985ல் எலும்பு, ஊனம் சார்ந்த சிகிச்சைக்குத் தேவஸ்தானத்தின் பர்டு மருத்துவமனை வந்தது, 1993ல் ஸ்விம்ஸ் மருத்துவமனை வந்தது. ராயலசீமையிலிருந்தும் தமிழ்நாட்டு எல்லையிலிருந்தும் நோயாளிகள் வந்து குவிகிறார்கள். ஆபரேஷன் முடிந்தவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர் உடனே ஊர் திரும்ப முடியாது. பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும், இன்னும் தள்ளி அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். மாதம் பணம் கட்டி வைக்கும் ஹோம்களுக்குக் கிராக்கி வந்தது. தர்மத்துக்கு நடக்கும் இல்லம் ஒரு பக்கம், மத்திய அரசின் மானியத்தில் நடப்பது ஒரு பக்கம், கட்டணத்துக்கு நடப்பது ஒரு பக்கம். நிர்வாகம் மூன்று விதம். உள்ளே படுத்திருப்பவரின் நிலை மூன்றிலும் ஒன்றுதான்: கேட்க வரும் ஆள் இல்லை.

வெளியாள் வருவதே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சித்தூரிலும் திருப்பதியிலும் முதியோர் இல்லத்துக்கு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. பிள்ளைக்குப் பிறந்தநாள், தாத்தாவுக்குத் திவசம், கட்சித் தலைவருக்கு வயது அறுபது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் யாராவது பாத்திரத்தோடு வந்து இறங்குகிறார்கள். பாயசம், பூரி, ஒரு போர்வை, ஒரு போட்டோ. வரவேற்பறையில் ஒரு நோட்டு இருக்கும்; 'மிக நல்ல சேவை, இறைவன் அருள் கிடைக்கட்டும்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பாயசம் இல்லாவிட்டால் சில இல்லங்களில் வாரம் முழுக்க இனிப்பே இருக்காது. ஆனால் கொடுக்க வந்தவர் கேட்க மாட்டார். கேட்டாலும், பக்கத்தில் வார்டன் நிற்கும்போது, "குறை ஏதாச்சும் இருக்கா அவ்வா?" என்றால் வரும் பதில் ஊருக்கே தெரியும்: "ஒண்ணும் இல்ல நாயனா, ராஜா மாதிரி பாத்துக்கறாங்க."

அமெரிக்காவில் இந்தப் பதிலிலிருந்துதான் தொடங்கினார்கள். 1965ல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு வந்ததும் அங்கே நர்சிங் ஹோம்கள் பெருகின. ஊழலும் தீ விபத்தும் சேர்ந்து பெருகின. ஆய்வாளர்களை அதிகமாக்கியும் பயன் குறைவாகவே இருந்தது. 1971ல் அதிபர் நிக்சன் நர்சிங் ஹோம் சீர்திருத்தம் அறிவித்தார். அதன் தொடர்ச்சியாக 1972ல் ஐந்து மாநிலங்களில் குறைதீர்ப்பாளர் திட்டம் சோதனையாகத் தொடங்கியது. 1978ல் ஒவ்வொரு மாநிலமும் இதை வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. 1987ல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம், இந்தக் குறைதீர்ப்பாளர் உள்ளே வந்து தங்கியிருப்பவரைப் பார்ப்பதை இல்லம் தடுக்கக் கூடாது என்றது. இடையில் 1985ல், நர்சிங் ஹோம் சீர்திருத்தத்துக்காகப் போராடிய ஒரு மக்கள் அமைப்பு, 15 நகரங்களில் தங்கியிருந்த 400க்கும் மேற்பட்டவர்களிடம் நேராகப் போய், நல்ல பராமரிப்பு என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டது. கட்டடத்தைப் பற்றியோ கருவிகளைப் பற்றியோ அவர்கள் முதலில் பேசவில்லை. அன்பாக நடத்தும் பணியாளர்கள் வேண்டும் என்றார்கள்.

அங்கே குறைதீர்ப்பாளர் நடந்துகொள்ளும் முறையைத்தான் நம் ஊர் நிர்வாகிகள் கவனிக்க வேண்டும். அவர் அபராதம் போடுவதில்லை, உரிமத்தை ரத்து செய்வதில்லை. அதற்கு வேறு துறை இருக்கிறது. தங்கியிருப்பவர் சம்மதித்தால் ஒழியப் புகாரை எடுத்துப் போக மாட்டார்; சொன்னவர் பெயரை வெளியிட மாட்டார். புகார் இல்லாவிட்டாலும் அவ்வப்போது வருவார். பலர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள், பயிற்சி கொடுத்து அனுப்புவார்கள். மகன் ஒன்று சொல்லி, அம்மா வேறொன்று சொன்னால், அவர் அம்மா பக்கம். இந்தக் கடைசி விதிதான் நம் குடும்ப வழக்கத்தில் ஜீரணிக்கக் கஷ்டமானது. பணம் கட்டுகிறவன் மகன். இல்லத்துக்கு வாடிக்கையாளர் அவன்தான். 'அம்மாவுக்கு போன் கொடுக்காதீங்க, சும்மா அழுது டென்ஷன் பண்றாங்க' என்று மகன் சொன்னால் நம் இல்லங்களில் போன் போய்விடும். அங்கே குறைதீர்ப்பாளர் வந்து, போன் யாருடையது என்று கேட்பார்.

நம்மிடம் குறைதீர்ப்பாளர்களே இல்லை என்று சொல்ல முடியாது. வங்கிக்கு 1995லேயே வந்துவிட்டார், காப்பீட்டுக்கு 1998ல். மின் கட்டணத்துக்கு ஒருவர், நூறு நாள் வேலைக்கு ஒருவர். ஏ.டி.எம்மில் ஆயிரம் ரூபாய் சிக்கிக்கொண்டால் முறையிட ஒரு மேசை இருக்கிறது. முதுகில் படுக்கைப் புண்ணோடு கிடப்பவருக்கு மட்டும் எந்த மேசை என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை.

2007ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. வருவாய்க் கோட்டத்துக்கு ஒரு தீர்ப்பாயம். சித்தூர், பலமநேர், குப்பம் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே மனு கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பிள்ளைகளிடம் வாங்கித் தரலாம். பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் சொத்தை எழுதிக் கொடுத்து ஏமாந்தால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். கலெக்டரிடம் மேல்முறையீடு. சித்தூர்ப் பக்கத்தில் நிலத்தை மகன் பெயருக்கு எழுதிவிட்டுத் திண்ணைக்கு வந்த கிழவர்களுக்கு இது பெரிய ஆயுதம். திங்கட்கிழமைகளில் கலெக்டரேட் குறைதீர் நாளில் அர்ஜியோடு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் தெரியும், அதில் பாதி தலை நரைத்த தலை.

ஆனால் இந்தச் சட்டம் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நடுவே உள்ள வழக்குக்குச் செய்தது. இல்லத்துக்கும் அதில் தங்கியிருப்பவருக்கும் நடுவே உள்ள வழக்கை அது யோசிக்கவே இல்லை. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் அரசு நடத்தலாம் என்று சொல்கிறதே தவிர, அதற்குள் என்ன நடக்கிறது என்று யார் கேட்பார் என்று சொல்லவில்லை. இல்லங்களைப் பதிவு செய்யவும் குறைந்தபட்சத் தரம் வைக்கவும் 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா மக்களவையில் கொண்டுவரப்பட்டது. நிறைவேறாமலே 2024ல் அந்த அவையோடு சேர்ந்து காலாவதியானது. மனநலத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் பல உரிமைகளைத் தந்தது, புகாரைக் கேட்க மறுஆய்வு வாரியத்தையும் வைத்தது. ஆனால் 1912ன் மாதாந்திர விசிட்டர் போய், மூன்று வருஷத்துக்கு ஒரு தணிக்கை வந்தது. வாரியத்துக்கு மனு எழுதத் தெரிந்தவருக்கு இன்றைய சட்டம் மேல்; எழுத முடியாமல் படுத்திருப்பவருக்கு, ஒழுங்காக நடந்திருந்தால், அந்தப் பழைய புத்தகம் மேல் என்றுதான் எனக்குப் படுகிறது.

சட்டம் விட்ட இடத்தை இன்று சில துண்டு ஏற்பாடுகள் நிரப்புகின்றன. 14567 என்ற எண், எல்டர்லைன், 2021 அக்டோபர் 1ல் நாடு முழுக்க வந்தது. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. தகவல் சொல்வார்கள், பேச்சுத் துணை தருவார்கள், தேவைப்பட்டால் களப்பணியாளரை அனுப்புவார்கள். தெருவில் விடப்பட்டவரை மீட்டு இல்லத்தில் சேர்ப்பதும் இவர்கள் வேலை. ஆனால் இல்லத்தின் கதவைத் தட்டி, உள்ளே போய்த் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க இவர்களுக்குச் சட்டத்தில் பிடி இல்லை. கதவைத் திறப்பது இல்லத்தின் மனசு. சட்டப் பணிகள் ஆணையத்துக்கு 2016ல் மூத்த குடிமக்களுக்கென்று ஒரு திட்டம் வந்தது. முதியோர் இல்லத்திலேயே சட்ட உதவி மையம் வைக்கலாம், பாரா லீகல் வாலண்டியர்களை அனுப்பலாம் என்கிறது அது. என் கணிப்பில், நம்மிடம் இருப்பவற்றில் குறைதீர்ப்பாளருக்கு மிக அருகில் வருகிறவர் இந்த வாலண்டியர்தான். உள்ளூர்க்காரர், பயிற்சி பெற்றவர், நீதிமன்றத்தின் நிழலில் நிற்கிறவர், இல்லத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்.

கேரளம் 2025ல் முதியோருக்கென்று ஒரு தனி ஆணையத்தையே சட்டம் போட்டு அமைத்தது. ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இன்னும் அந்த யோசனை எட்டவில்லை.

ஆள் இல்லாத இடத்தில் கைபேசி அந்த வேலையைச் செய்கிறது. 2022 ஏப்ரலில் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் நடந்தது நினைவிருக்கும். ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்ட தொகையைக் கொடுக்க முடியாமலும், வெளி வண்டியை அவர்கள் உள்ளே விடாததாலும், ஒரு தகப்பன் தன் மகனின் உடலை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் போனார். வீடியோ பரவிய பிறகு அதிகாரிகள் ஓடிவந்தார்கள், நடவடிக்கை எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் கூட்டணியைப் பற்றி அந்த வளாகத்தில் நின்ற எல்லாருக்கும் முன்பே தெரியும். அதை ஒரு பேரேட்டில் எழுதி மேலே அனுப்ப வேண்டியது என் வேலை என்று நினைக்க ஓர் ஆள்தான் இல்லை.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம் செய்தியில் வந்ததும் இதே வழியில்தான். அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணோம் என்று வெளிநாட்டில் இருந்த உறவினர் தேடத் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்ட பிறகே அதிகாரிகள் உள்ளே போனார்கள். உரிய அனுமதி இல்லாமல் நடந்த அந்த இடத்திலிருந்து 140க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். துன்புறுத்தல் குற்றச்சாட்டுகள் சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போயின. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் விடாப்பிடியும் உள்ள உறவினர் அந்த முதியவருக்கு இருந்ததால் 140 பேருக்குக் கதவு திறந்தது. மற்றவர்களுக்கு அப்படி உறவினர் இல்லை, அல்லது கொண்டுவந்து விட்டவரே அந்த உறவினர்.

இப்படி ஏதாவது வெடிக்கும்போதெல்லாம் நேர்மையாக நடத்துகிறவர்களும் சேர்ந்து அடிபடுகிறார்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் கடன் வாங்கி, சொந்த வீட்டை விட்டு, இருபது முப்பது பேருக்குச் சோறு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியாள் என்றாலே அவர்களுக்குக் கசப்பு. மானியத்துக்கு வரும் அதிகாரி கட்டிலை எண்ணுவார், பில்லைப் புரட்டுவார், தீயணைப்புக் கருவியின் தேதியைப் பார்ப்பார். அவர் போனதும் அப்பாடா என்று உட்காருவார்கள். இன்னொரு ஆளை எதற்கு வரவைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும்.

ஒரு சாதாரண விஷயத்தை எடுத்துக்கொள்வோம். பல இல்லங்களில் விடியற்காலை நாலு, நாலரைக்கே குளிக்கவைத்துவிடுவார்கள். கொடுமை செய்ய வேண்டும் என்று இல்லை. இரவு ஷிப்ட் ஆயாக்கள் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும், பகல் ஷிப்டுக்கு ஆள் குறைவு. மார்கழியில் பலமநேர்க் குளிரில் எழுபத்தெட்டு வயது உடம்புக்கு அது என்ன செய்யும் என்று வார்டனுக்குத் தெரியாது, அவர் ஏழு மணிக்குத்தான் வருகிறார். பாட்டி ஆயாவிடம் சொல்ல மாட்டார், நாளைக்கு அவள்தான் துணி மாற்ற வேண்டும். மகளிடம் சொன்னால் மகள் வார்டனிடம் கத்துவாள், வார்டன் ஆயாவிடம் கத்துவார், ஆயா யாரிடம் கத்துவாள் என்று பாட்டிக்குத் தெரியும். வாரம் ஒரு நாள் வந்து உட்காரும் வெளியாளிடம் இது வரும். அவர் பெயர் சொல்லாமல், குளியல் நேரத்தைப் பற்றி இங்கே சிலருக்குச் சங்கடம் இருக்கிறது என்று வார்டனிடம் சொல்வார். பாதிப் பேரைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குளிக்கவைக்கலாம் என்று முடிவாகும். ஆயாக்களுக்கும் நிம்மதி. இப்படிச் சின்னதில் தீர்ந்துபோகும் காரியம்தான், யாரும் கேட்காமல் விட்டால், ஒரு நாள் நிமோனியாவாகவோ வீடியோவாகவோ வெளியே வருகிறது.

அப்படி ஓர் ஆளை அழைக்க இல்லத்துக்குச் செலவு அதிகம் இல்லை. தனியாகப் பேசக் கதவு சாத்தும் ஓர் அறை வேண்டும். படுத்த படுக்கையானவர் என்றால் ஒரு திரையும், வார்டன் அந்த நேரம் வேறு வராந்தாவில் இருப்பதும் போதும். 14567ஐயும் சட்ட உதவிக்கான 15100ஐயும் ஆபீஸ் அறைச் சுவரில் ஒட்டுவதால் பயன் இல்லை. சாப்பாட்டு அறையில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில், தெலுங்கிலும் தமிழிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எண்ணை அழுத்த ஒரு போனும் வேண்டும். யார் சொன்னது என்று விசாரிக்கக் கூடாது என்பதைப் பணியாளர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இதைவிடக் கடினமான விதி வேறில்லை, ஏனென்றால் இருபது பேர் இருக்கும் இடத்தில் யார் சொன்னது என்று கண்டுபிடிப்பது ஒரு பொழுதுபோக்கு. ஆந்திரத்தில் முதியோர் பென்ஷன் 2024ல் நாலாயிரம் ஆனது. அது யார் கையில் வருகிறது, எதற்குப் போகிறது, ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்கிறது என்பதை எழுதிவைத்து வருகிறவருக்குக் காட்ட வேண்டும்.

மொழியை இந்த வட்டாரத்தில் மறக்க முடியாது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கம் வீட்டில் தமிழும் வெளியே தெலுங்குமாக வாழ்ந்தவர்கள் ஏராளம். மறதிநோய் பல நேரம் முதலில் தின்பது பின்னால் கற்ற மொழியை. நாற்பது வருஷம் தெலுங்கில் கடை நடத்தியவர் எண்பதில் தமிழில் மட்டும் தண்ணீர் கேட்பார். ஆயா அதைப் பிதற்றல் என்று நினைப்பாள். வருகிற ஆளுக்கு இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும். இது கூடுதல் தகுதி இல்லை, அடிப்படைத் தேவை.

2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் அமெரிக்காவில் நர்சிங் ஹோம் வாசல்களை அடைத்தார்கள், குறைதீர்ப்பாளர்களும் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. ஜன்னல் கண்ணாடி வழியாகவும் போன் வழியாகவும் முடிந்ததைச் செய்தார்கள். நம் ஊரில் அடைக்கும் முன்பும் கேட்க யாரும் வரவில்லை என்பதால், அடைத்த பிறகு ஏற்பட்ட வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை.

அறை, போன், மொழி என்று இல்லம் இவ்வளவு செய்தாலும் பாட்டி வாய் திறக்காமல் இருக்க ஒரு காரணம் மிச்சம் இருக்கும். வெளியே அனுப்பிவிட்டால்? அமெரிக்காவில் இத்தனை வருஷம் கழித்தும் நர்சிங் ஹோம்களைப் பற்றி வரும் புகார்களில் முதல் வரிசையில் நிற்பது வெளியேற்றம்தான். அங்கே பொதுவாக முப்பது நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அந்தக் கடிதத்தின் நகல் குறைதீர்ப்பாளருக்கும் போக வேண்டும். இங்கே மகனுக்கு ஒரு போன்: "உங்கம்மா ரொம்பத் தொந்தரவு பண்றாங்க சார், வந்து கூட்டிட்டுப் போயிடுங்க." மகன் வந்தால் சரி. வராவிட்டால் அந்த அம்மா மறுபடி அலிபிரிக்குத்தான் போக வேண்டும்.

இதை மாற்றப் புதுச் சட்டம் வரும்வரை எந்த இல்லமும் காத்திருக்கத் தேவையில்லை. சேர்க்கையின்போது கையெழுத்து வாங்கும் படிவத்தில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: முப்பது நாள் எழுத்து அறிவிப்பு இல்லாமல் யாரையும் வெளியே அனுப்ப மாட்டோம்; அறிவிப்பின் நகலைச் சித்தூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் அனுப்புவோம். அதோடு, வாரத்தில் ஒரு நாள் வாலண்டியர் ஒருவரை எங்கள் இல்லத்துக்கு அனுப்புங்கள் என்று அதே ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று பாயசக் கூட்டம். செவ்வாயோ புதனோ, மத்தியானச் சாப்பாடு முடிந்து பணியாளர்கள் கொஞ்சம் கண்ணயரும் நேரம் சரியாக இருக்கும்.